நாலு வைத்தியர்களோடு புறப்பட்டவள்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சிக் காரில், கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. அதை அவள் மிதிப்பதே அபூர்வம் என்பதால்தான் அந்தக் கேலிப் பெயர். வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள். அவள் போடும் சத்தத்தில் எதிரே வருகிற வண்டியும் சேர்ந்து நிற்கும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணம் ஒத்துவராமல் ஒற்றைப் பெட்டியோடு வெளியே வந்தவள். தம்பியின் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தாள். ‘போனால் போகட்டும்’ என்ற சொல் அவள் வாயில் வந்து யாரும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை, வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார். கார் சீறிக்கொண்டு மதிலை நோக்கிப் பாய்ந்தது. அன்றைக்கு வாய் போதவில்லை. அவள் இருந்த பலத்தையெல்லாம் திரட்டித் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள். வங்கிக்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அக்காவின் இடது கணுக்கால் நொறுங்கிவிட்டது.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் உட்கார வைத்தார்கள். முழங்கால்வரை வெள்ளைக் கட்டு. கீழே இறங்கினால் ஊன்றுகோல், மேலே ஏறினால் தம்பியின் தோள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிற டிரைவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள். தெருக்காரர்கள் தம்பியிடம் முறையிட ஆரம்பித்தார்கள்.

தம்பி ஒரு யோசனை செய்தான். கடையில் பழைய சாமான்களோடு வந்து கிடந்த ஒரு கேம் பெட்டியைத் துடைத்து, மேலே கொண்டுவந்து டிவியில் மாட்டினான். கூடவே ஒரு கேசட். டிவி விளையாட்டுகளின் ஆரம்ப காலத்தில் வந்த கதை விளையாட்டு. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். வழியில் வரும் பூதங்களோடு சண்டை போட வேண்டும். கடைசியில் உலகத்தை இருட்டாக்கிக்கொண்டிருக்கும் ஓர் அரக்கனை வீழ்த்த வேண்டும்.

“இத வச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் தெருவ விட்டுடுக்கா” என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

விளையாட்டின் முதல் பக்கமே ஒரு கேள்வி: உன்னோடு வரும் நாலு பேர் யார்? வாள்வீரன் இருந்தான், திருடன் இருந்தான், மந்திரவாதி இருந்தான், வெள்ளை அங்கி போட்ட வைத்தியர் இருந்தார். அக்கா மாவுக்கட்டைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தாள். சண்டைக்குப் போனால் அடிபடும். அடிபட்டால் யார் பார்ப்பது? அந்த நிலையில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நாலு பேரையும் வைத்தியராகவே போட்டாள். முழுசு, முக்கால், அரை, கால் என்று பெயரும் வைத்தாள்.

ஞாயிறு மதியங்களில் தம்பி கடையின் பின்னறையில் பழைய கேம் பைத்தியங்கள் கூடுவார்கள். அதில் பெரிய தலை ஒரு கணக்கு வாத்தியார். எல்லோருக்கும் அவர் பண்டிதர். அந்தக் கேசட்டை எத்தனை முறை முடித்தார் என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது. ‘புதிதாக ஆடுபவர்களுக்கு’ என்று தலைப்புப் போட்டு, அவர் அச்சடித்து ஒட்டிய தாள் ஒன்று சுவரில் இருந்தது. அதன் முதல் வரி: இரண்டு வாள்வீரர், ஒரு வைத்தியர், ஒரு மந்திரவாதி. வேறு எப்படி ஆரம்பித்திருந்தாலும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கவும்.

அக்கா ஊன்றுகோலோடு தத்தித் தத்தி இறங்கி வந்து தன் கூட்டணியைப் பற்றிச் சொன்னதும் பின்னறையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்தார்.

“கோவிச்சுக்காதீங்கக்கா” என்றார் பண்டிதர். “அத அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிங்க. இந்தக் கூட்டணி தேறாது.”

“ஏன் தேறாது?”

“அடிக்க ஆளே இல்லையே. நாலு பேரும் மருந்து போடறவங்க. யாருக்குப் போடுவாங்க?”

“ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்குவாங்க.”

“இது கேமுக்கா, ஆஸ்பத்திரி இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பண்டிதர் சிரிக்கவில்லை, அவர் நல்ல மனிதர், உண்மையாகவே நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“என்கிட்ட முதல் நாள் வர்றவங்ககிட்ட, இறங்கிப் போயி வேற கால் வச்சுக்கிட்டு வாங்கன்னு நான் சொன்னா எவனாவது வண்டி ஓட்டுவானா சார்? வந்த காலோடதான் கத்துக்கணும். நான் அழிக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த வாரமெல்லாம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவளுடைய வைத்தியர்கள் கையில் ஆளுக்கொரு தடி. சாதாரண எலியை அடிக்கவே நாலு பேரும் சுற்றி நின்று தட்டிக்கொண்டிருந்தார்கள், ஜமுக்காளத்தைத் தூசி தட்டுவது போல. முழுசுதான் எப்போதும் முதலில் விழுவான். சதுப்பு நிலத்துக் குகை ஒன்றில் நச்சுப் பாம்புக் கூட்டம் நாலு பேரையும் வாரிச் சுருட்டிவிட்டது. ஆட்டத்தைக் கடைசியாக சேவ் செய்து வைத்தது எங்கோ பின்னால், பழைய ஊர்ச் சத்திரத்தில். ஒரு மதியம் முழுக்கப் பட்ட பாடு தண்ணீரில் போனது.

சத்தம் கேட்டு தம்பி மேலே வந்தான். அக்காவின் கண் சிவந்திருந்தது.

“பண்டிதர் சொன்னதுதான் சரின்னு தோணுதுக்கா. ஒரு வாள்வீரனையாவது...”

“கீழ போடா.”

“இல்லக்கா, நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“நீ ஒண்ணும் சொல்ல வரவேண்டாம். கடைய பாரு, போ.”

அவன் போனபிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. ஊருக்குள் நிற்கிற ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினாள். கிணற்றடியில் நிற்பவள், கோயில் வாசலில் தூங்குபவன், காவல்காரன், ஒருவரையும் விடவில்லை. திரையில் வரும் எழுத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். பாதிப்பேர் வெறும் வம்புதான் பேசினார்கள். மீதிப்பேரிடம் விஷயம் இருந்தது. நாலு பேரும் ஒரே பூதத்தைக் குறிவைத்து, முதல் அடியிலேயே அது செத்துவிட்டால், மற்ற மூவரும் காற்றைத்தான் அடிக்கிறார்கள் என்பதை அவளே பார்த்துக் கண்டுபிடித்தாள். ஓடுவதற்கு ஒரு பொத்தான் இருப்பதை ஆரம்பத்தில் அவள் அவமானமாக நினைத்திருந்தாள். இப்போது வெட்கமில்லாமல் ஓடினாள்.

பிறகு ஒரு சுடுகாட்டுக் குகை வந்தது. உள்ளே முழுக்க எலும்புக்கூடுகளும் பேய்களும். வைத்தியர்களிடம் ஒரு மந்திரம் இருந்தது. உயிருள்ளவற்றை அது ஒன்றும் செய்யாது, செத்தும் எழுந்து நடப்பவற்றை மட்டும் எரித்துவிடும். அக்கா நாலு பேரையும் ஒன்றாகச் சொல்ல வைத்தாள். திரை வெள்ளையாக மின்னியது. ஒரு எலும்புக்கூடு மிச்சமில்லை. அடுத்த அறை, அதற்கடுத்த அறை, துடைத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. கீழே கடையில் போனைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பிக்கு மேலிருந்து ஒரு விசில் சத்தம் கேட்டது. அக்கா விசில் அடித்து அவன் கேட்டதே இல்லை.

கட்டுப் பிரித்தார்கள். கால் குச்சிபோல் இருந்தது. பள்ளி முதலாளி அவளைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்த மரியாதையே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“இனிமே நீங்க ஆபீசப் பாத்துக்குங்கம்மா. வெயில்ல அலைய வேண்டாம். வண்டிக்கு ஒரு புதுப் பையன எடுத்திருக்கேன்.”

“சாவி எங்க சார்?”

“எந்தச் சாவி?”

“காருச் சாவி. ஒரு சுத்து போயிட்டு வரலாம், ஏறுங்க.”

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. ஒரு பக்கம் மதில், மறு பக்கம் பழ வண்டிகள். நேராகப் போகவே ஆட்டோக்காரர்கள் யோசிக்கும் சந்து. அதற்குள் ரிவர்ஸில் விட்டாள். முதலாளி இருக்கையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலில் அவள் பெயரையும் பிறகு கடவுள் பெயரையும் சொன்னார். ஒரு பழத் தட்டுகூட ஆடவில்லை. வாழைப்பழக்காரர் மட்டும், “யாரு, பிரேக் அக்காவா? வந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“வந்துட்டேன்” என்றாள், முதலாளியைப் பார்த்துக்கொண்டே. “என்னைய உட்கார வைக்கணும்னா இந்தக் கார்ல உட்கார வைங்க. ஆபீஸ்ல அந்தப் புதுப் பையன உட்கார வைங்க.”

செருப்புக்குள் கால் வீங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் முதலாளியிடமும் சொல்லவில்லை, தம்பியிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வேலைக்குப் போனாள்.

வேலை முடிந்து வந்து சாயங்காலங்களில் ஆடினாள். கடைசி அரக்கன்வரை வந்துவிட்டாள் என்று தம்பி பின்னறையில் சொல்லிவிட்டான். பண்டிதரே நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிறு மதியம் கேசட்டைப் பின்னறைக்குக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் ஆடினாள். இருந்த நாற்காலியெல்லாம் போதாமல் சிலர் பெட்டி மேல் உட்கார்ந்து பார்த்தார்கள். வைத்தியர்கள் தட்டினார்கள், விழுந்தார்கள், ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டார்கள். அரக்கன் அனேகமாகச் சாகப்போகிற நேரத்தில், தனக்குத்தானே மருந்து போட்டுக்கொண்டு புதுசாக எழுந்து நின்றான். அவனுடைய அடுத்த இரண்டு அடியில் நாலு வைத்தியர்களும் விழுந்து எல்லாம் முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பண்டிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சத்தியமா சொல்றேன், பிரமாதமா ஆடினீங்கக்கா. ஆனா இதுதான் நடக்கும்னு எனக்குத் தெரியும். முடியாதத யாரால முடியும்?”

“முடியாதது வேற, இன்னிக்கு முடியலங்கிறது வேற சார்” என்றாள் அக்கா. “எனக்கு இன்னிக்கு முடியல. அவ்வளவுதான்.”

பிறகு ஒரு மழை நாள். பயிற்சி எல்லாம் ரத்து. காலையிலேயே உட்கார்ந்தாள். முழுசு வழக்கம்போல் முதலில் விழுந்தான். முக்கால் போனான், அரையும் போனான். கால் மட்டும் தனியாக நின்றான். மந்திரமெல்லாம் தீர்ந்து, கையில் தடி மட்டும். அக்கா ஒரு முறை கண்ணை மூடினாள். அடி என்ற பொத்தானை அழுத்தினாள். அரக்கன் அப்படியே துகள் துகளாக உதிர்ந்து திரையிலிருந்து இறங்கினான்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடியது, எழுத்துகள் மேலே போயின, எல்லாம் முடிந்து திரை கறுத்தது. வண்டி நின்றதும் சாவியைத் திருப்பும் பழக்கத்தில் பெட்டியை அணைத்துவிட்டாள். அந்தக் காலத்து விளையாட்டு. முடித்ததற்கு அடையாளமாக எதையும் சேர்த்து வைக்காது. தம்பி மாடியேறி வந்தபோது அவன் பார்த்ததெல்லாம் கறுப்புத் திரையும், வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்த அக்காவும்தான்.

“போட்டோ எடுத்தீங்களா?” என்று ஞாயிற்றுக்கிழமை பண்டிதர் கேட்டார்.

“இல்ல.”

“யாராவது பாத்தாங்களா?”

“நான் பாத்தேன்.”

“அப்ப நாங்க எப்படிக்கா நம்பறது?”

“நம்பாதீங்க. நான் உங்களுக்காகவா ஆடினேன்?”

இன்றுவரை அவர் நம்பவில்லை. இன்றுவரை அவளும் நிரூபிக்க முயலவில்லை. ஆனால் பின்னறைக்குப் புதிதாக யார் வந்தாலும் இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள். பண்டிதர் சுவரில் இருக்கும் தாளைக் காட்டுவார். அக்கா அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. தாளுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் ஒரு மருந்துக்கடை அம்மா வந்தாள். அக்கா வயதுதான் இருக்கும். திருடனாகவே மூன்று பேரும் ஒரு மந்திரவாதியும் சேர்த்துக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். பண்டிதர் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“அழிக்காதீங்க. யாரு சொன்னாலும் அழிக்காதீங்க. ஊருல இருக்கிற எல்லார்கிட்டயும் பேசுங்க, கோயில் வாசல்ல தூங்கறவன்கிட்டயும் பேசுங்க. பாலத்துக்கு முன்னாடி சத்திரத்துல தங்கிட்டுப் போங்க, அப்பத்தான் சேவ் ஆகும். எல்லாரையும் ஒரே ஆளு மேல விடாதீங்க. தோக்கற மாதிரி இருந்தா ஓடுங்க, ஓடறது ஒண்ணும் கேவலமில்ல. கைல கெடச்ச சாமான உடனே விக்காதீங்க. அதுக்கப்புறமும் தோப்பீங்க. தோத்தா தோத்துட்டுப் போங்க.”

“மூணு திருடன வச்சுக்கிட்டு அந்தப் பாலத்த...” என்று பண்டிதர் ஆரம்பித்தார்.

“அது அவங்க பாடு சார். அவங்களும் அவங்க திருடனுங்களும் பாத்துக்குவாங்க.”

மருந்துக்கடை அம்மா மறுபடி பாலத்தில் ஏறினாள். மறுபடி தோற்றாள். களைத்துப்போய்க் கன்ட்ரோலரை அக்காவிடம் நீட்டினாள்.

“இந்த ஒரு எடத்த மட்டும் தாண்டி விடுங்களேன். அப்புறம் நானே பாத்துக்கறேன்.”

அக்கா இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.

“மாட்டேன்.”

“நீங்க முடிச்சவங்கதானே?”

“அதனாலதான் மாட்டேங்கறேன்.”

மருந்துக்கடை அம்மா அவளை முறைத்தாள். பண்டிதரையும் சுவரையும் முறைத்தாள். பிறகு நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று திருடர்களையும் கூட்டிக்கொண்டு மறுபடி பாலத்தை நோக்கிப் போனாள்.