கம்பெனிச் சட்டை

மலேசியாவில், மூவார் ஊரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். நாற்காலிக் கால்களை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் பிரிவு. ஆர்டர் குறைந்ததும் எங்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். நானும் அந்தப் பாதியில். வீட்டுக்காரர் இறந்தபின் மகளும் நானும்தான். அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அந்தச் சம்பளத்தைத்தான் நம்பியிருந்தேன். அழவேண்டிய நேரம், ஆனால் அழுகை வரவில்லை. மூக்கில் மரத்தூள் இல்லையே என்பதுதான் முதலில் உறைத்தது.

தீபாவளிக்கு முன் ஆபீசிலிருந்து போன். என்னை நிறுத்திய செய்தியைச் சொன்ன அதே தமிழ்ப் பெண்.

"அக்கா, சி.எஸ்.ஆர். ப்ரோக்ராம், கஷ்டப்படுறவங்களுக்குக் கம்பெனி உதவுறது. வீட்டுக்கு வந்து அரிசி, சாமான்னு ஹேம்பர் கொடுப்போம், ஒரு போட்டோ எடுப்போம். அவ்வளவுதான் லா."

வெளிநாட்டில் நாற்காலி வாங்குகிற பையர்கள் இப்போதெல்லாம் விலையோடு இதையும் கேட்கிறார்களாம்: ஊருக்கு என்ன செய்தீர்கள்? செய்ததற்குப் படம் வேண்டுமாம். என் முகம் அதற்குத் தோதாக இருந்திருக்கிறது.

கம்பெனி ஆட்கள் வருகிறார்களே என்று, மரியாதைக்குக் கம்பெனி கொடுத்த நீல டீ-சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். நெஞ்சில் கம்பெனி பெயர் பெரிதாக இருக்கும். போன் பண்ணிய அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"அலமாக்! வேற சட்டை இல்லீங்களா அக்கா? நம்ம ஆளுன்னு தெரிஞ்சா, ஏன் நிறுத்துனீங்கன்னு பையர் கேப்பாங்க."

பூப்போட்ட பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தேன். அரிசி மூட்டையை, கூட வந்திருந்த முதலாளி ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன்.

அடுத்த வருஷம் ஆர்டர் குவிந்தது. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போனேன். வரவேற்பறைச் சுவரில் நான் இருந்தேன், கதவு உயரத்துக்கு, அரிசி மூட்டையோடு.

அந்தப் பெண் என்னைப் படத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள்.

"உங்க கை வேலை எல்லாருக்கும் தெரியும்கா. ஆனா பையர் அடிக்கடி வந்து உள்ள சுத்திப் பார்க்கிறாங்க. இந்தப் போட்டோ பார்த்துதான் ஆர்டரே கொடுத்தாங்க. ஏழைக் குடும்பம்னு போட்டிருக்கோம். அதே முகம் உள்ள நாற்காலி தேய்ச்சுக்கிட்டு இருந்தா..."

"படத்தை எடுத்துரலாமே" என்றேன்.

"அது முடியாதுக்கா."

அப்படியென்றால் இத்தனை வருஷம் கால் தேய்த்ததைவிட, ஒரு நிமிஷம் மூட்டை பிடித்ததில்தான் கம்பெனிக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறேன். சிரிப்புகூட வரவில்லை. அவளுக்குத்தான் கண் கலங்கியது. தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். கோபம் வரவேண்டிய இடம், பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துக் கிடந்தது.

மகள் பாலிடெக்னிக் வேண்டாம் என்று துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறேன்.

இந்தத் தீபாவளிக்கும் போன் வந்தது. வருஷா வருஷம் எனக்கு ஹேம்பர் உண்டு என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். கார் சத்தம் கேட்டபோது அந்த நீலச் சட்டையோடுதான் இருந்தேன். கெட்டித் துணி, வீட்டில் போட்டுக்கொள்ள இன்னும் உழைக்கிறது. யாரும் சொல்லாமலே உள்ளே போய், பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தேன்.