அவசர மணி என் பையில் அடித்தது

முப்பது வருஷமாக நான் லிஃப்ட் மெக்கானிக். கடவுளை எனக்கு மேலதிகாரியாக நியமித்துக்கொண்டதும் ஏறக்குறைய அப்போதுதான். ஒரு நட்டை மூன்று முறை முறுக்குவேன். வீட்டுக்கு வந்து, நாலாவது முறை முறுக்காததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.

என் மனைவிக்கும் அதே கடவுள்தான். ஆனால் அவள் அவரோடு அரட்டை அடிப்பாள். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொல்வாள், என் குறட்டையைச் சொல்வாள், படுத்ததும் தூங்கிவிடுவாள்.

"அவருக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கும். நான் சொன்னா கேட்டுக்குவாரு."

எனக்கு ரத்த அழுத்தம் வந்தது. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கற வேலையை விட்டுடணும்" என்றார் டாக்டரம்மா. அந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். கூடவே, எந்தத் தப்புக்கு இந்தத் தண்டனை என்று தினமும் கடவுள் முன் உட்கார்ந்து யோசித்தேன். தப்புகள் ஞாபகம் வர வர அழுத்தம் ஏறியது. பாவம், மாத்திரை ஒற்றை ஆளாக என்ன செய்யும்?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தினால் எங்கள் அலுவலகத்தில் மணி அடிக்க வேண்டும். அங்கே யாரும் எடுக்காவிட்டால் கடவுள் என்னைத்தானே கேட்பார்? எல்லா லிஃப்டின் மணியையும் என் கைபேசிக்கே திருப்பி வைத்திருந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஒருநாள் மத்தியானம், காலையில் நானே சரிசெய்த லிஃப்ட் என்னோடு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. பொத்தானை அழுத்தினேன். என் சட்டைப்பையில் மணி அடித்தது. பழக்கதோஷத்தில் எடுத்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி அதையே எனக்குத் திருப்பிச் சொன்னது.

கூட்டாளியைக் கூப்பிட்டேன். வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார். தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் யோசித்தேன். இப்படி மாட்டிக்கொண்ட எத்தனை பேரை வெளியே எடுத்திருக்கிறேன். நீ ஏன் மாட்டிக்கொண்டாய், என்ன தப்பு செய்தாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. இந்த முசுட்டு மெக்கானிக்கைவிடவா கடவுள் மோசமான ஆள்?

மறுநாளே மணியை அலுவலகத்துக்குத் திருப்பினேன். அடுத்த மாதம் டாக்டரம்மா இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, "வேலைக்குப் போங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார். உடனே, இவ்வளவு நல்லது எதற்காக நடக்கிறது என்று கொஞ்சம் பயந்துகொண்டேன். முப்பது வருஷப் பயிற்சி அல்லவா.

இன்று காலையும் "மன்னிச்சிடுங்க" என்றுதான் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, வேறென்ன பேசுவதென்று தெரியாமல், குழாய் ஒழுகுவதைச் சொன்னேன்.

"அதை நான் நேத்தே சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. "உங்களைச் சரிபண்ணச் சொல்லிட்டாரு."