ஏழாம் நம்பர் பூட்ஸ்

ஏழாம் நம்பர் பூட்ஸ் கடையில் இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

நான் செய்தது அதுதான். ஒரு பொய்... அதற்குத் துணையாக இன்னொரு பொய். இரண்டையும் சொல்லி முடிக்கக் கால் நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தக் கால் நிமிடத்தால் ஒரு மனிதர் இன்றைக்கும் கோல் ஊன்றி நடக்கிறார். என் மனைவிக்கு இது தெரியாது. என் முதலாளி தெரியாமலே கண்ணை மூடினார். உங்களிடம் சொல்கிறேன், உங்களை எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறது.

நான் பனிமலையைப் பார்த்தவனில்லை. பிறந்தது கொடைக்கானல் மலையில் வடகவுஞ்சி. எங்கள் பூண்டுக் காட்டில் மார்கழி விடியலில் உப்புத் தூவியதுபோல் உறைபனி கிடக்கும். வெயில் ஏறினால் போய்விடும். எனக்கும் பனிக்கும் உள்ள உறவு அவ்வளவே. அப்படிப்பட்டவன் பனிச்சறுக்கில் தேர்ந்த ஒருவருக்கு ஸ்கீ என்கிற சறுக்குக் கட்டையும் பூட்ஸும் பொறுக்கிக் கொடுத்தேன்! சிரிப்பு வருகிறதா? சிரித்துக்கொள்ளுங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. கொடைக்கானல் பஜாரில், சொந்த நாடு திரும்பும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போகும் சாமான்களை விற்கும் கடையில் எனக்கு வேலை. பியானோ வரும், கம்பளி வரும், கைப்பிடி உடைந்த கோப்பைகள் வரும். ஒரு மழைக்காலத்தில் நார்வேக்காரர் ஒருவர் நான்கு ஜோடி ஸ்கீயும் இரண்டு ஜோடி பூட்ஸும் கொண்டுவந்து இறக்கினார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காஷ்மீருக்குப் போய்ச் சறுக்கியவராம். ஆளுயரத்தைத் தாண்டி நீண்டு, முனை வளைந்து நின்ற அந்தக் கட்டைகளைப் பார்த்து பஜாரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பல்லக்குக் கொம்பு என்றார் ஒருவர். ஏர் பார்த்திராதவன் செய்த ஏர் என்றார் எங்கள் ஊர்க்காரர்.

வாங்க வருகிறவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் நான்கு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு நார்வேக்காரர் கப்பலேறினார். அந்தத் தாள்கள் எனக்கு இன்றும் மனப்பாடம். கையை உயர்த்தி நின்றால் ஸ்கீயின் முனை மணிக்கட்டைத் தொட வேண்டும். இரண்டு கட்டைகளையும் அடியோடு அடி சேர்த்து வைத்தால் நடுவில் இடைவெளி தெரியும். அது ஒரு கைக்கு எளிதாக அமுங்கினால் கற்றுக்கொள்பவனுக்கு, அமுங்க மறுத்தால் வேகமாக இறங்கத் தெரிந்தவனுக்கு. ஓரத்து இரும்புப் பட்டையில் ஒரு திருகாணிகூட ஆடக் கூடாது.

பூட்ஸுக்குத் தனித் தாள். புதியவனுக்குக் கால் நோகாததாகக் கொடு; தேர்ந்தவனுக்கு நோவைப் பார்க்காதே, அவன் குதிகால் ஒரு நூல்கூட எழும்பக் கூடாது. குதிகால் ஆடினால் கட்டை அவன் பேச்சைக் கேட்காது. கடைசி வரி இது: ஈரம் பட்டால் எந்தத் தோலும் தளரும், ஆகவே இறுக்கமானதையே தேர்ந்தெடு.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்ஸில் ஒரு ஜோடி எட்டு. இன்னொன்று ஏழு. ஏழு என் அளவு.

ஒரு நாள் மாலை, கடை அடைத்தபின், விளையாட்டாக அதைப் போட்டுப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேல் ஏறிக் கயிறு இறுக்கியதும் கால் இரண்டும் தரையில் ஊன்றிக்கொண்டன. அதுவரை எனக்கென்று எதுவுமே அப்படிப் பொருந்தியதில்லை. சட்டை அண்ணனுடையது, கோட்டு முதலாளியுடையது... அன்றிலிருந்து தினமும் பத்து நிமிடம், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே முழங்காலை மடித்து, கண்ணை மூடி, பார்த்தறியாத மலையில் இறங்குவேன்! ஒரு பிள்ளைக்குத் தகப்பனானவன் செய்கிற காரியமா அது? ஆசை வெட்கம் அறியாது. வேறு யார் கண்ணிலும் படாதிருக்க அந்த ஜோடியைத் தகரப் பெட்டியில் போட்டு, மேலே பழைய திரைச்சீலைகளை அடுக்கி வைத்தேன்.

விற்க வைத்த பொருளை ஒளிப்பதற்கு என்ன பெயர்? அப்போது நான் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் தண்டபாணி வந்தார்.

பழனிக்காரர். மலையடிவாரத்தில் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை. இவர் மட்டும் பட்டாளத்துக்குப் போய் அதிகாரியானவர். காஷ்மீரில் சிப்பாய்களுக்குப் பனிச்சறுக்குப் பழக்குகிற வேலை. முகம் முழுக்கக் கறுத்து, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அங்கே கொடுக்கும் கட்டைகள் கனம், பூட்ஸ் தொளதொளப்பு என்று சலித்துக்கொண்டார். யாரோ சொல்லி, வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறி எங்கள் கடையைத் தேடி வந்திருந்தார். விடுப்பு முடிந்துவிட்டது, மறுநாள் கொடை ரோட்டில் ரயில் ஏற வேண்டும்.

நான்கு ஜோடியில் எதை எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேராகப் பிடித்து முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். மிகவும் விறைப்பான ஜோடியை நான் எடுத்து, அடியோடு அடி சேர்த்து, அமுக்கிக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நீங்களும் சறுக்கின ஆள்தான், கை சொல்கிறதே என்றார். நான் மறுக்கவில்லை. ஐயோ, அந்த ஒரு பாராட்டு என்னை எவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்தது!

பிறகு பூட்ஸ். அவர் ரப்பர் செருப்பைக் கழற்றினார். அந்தக் குளிரில், ஒரு பட்டாளத்து அதிகாரி, ரப்பர் செருப்பு... கால்களைப் பார்த்ததும் புரிந்தது. மகன் நல்லபடியாக வந்தால் காவடி எடுப்பான் என்று அவர் அம்மா நேர்ந்திருந்தார். மதுரையிலிருந்து பழனி வரை வெறுங்காலில் ஐந்து நாள் நடந்த கால்கள் அவை. கொப்புளங்களில் மஞ்சள் அப்பியிருந்தது. கணுக்கால் எலும்பு வெளியே தெரியவில்லை.

அந்தக் காலை எனக்குத் தெரியாதா? எங்கள் அம்மா வருடா வருடம் பழனிக்கு நடப்பவள். நடந்து வந்தபின் அவள் விரலில் மெட்டி சுழலாது. எங்கள் வீட்டில் பூச நடை முடிந்து எட்டு நாளைக்கு ஒருவரும் செருப்பு வாங்க மாட்டோம். அது நடையின் அளவு, காலின் அளவில்லை என்பார் அப்பா.

"என் நம்பர் ஏழு தம்பி. நடந்த காலு, இப்ப ஏறுமோ என்னமோ. ஏழு இருக்குங்களா?"

இருக்கிறது. நான்கு அடி வைத்தால் தகரப் பெட்டி. திரைச்சீலையைத் தூக்கினால் ஏழு... என் ஏழு. நாளை மாலை கடை அடைத்தபின் நான் எதைப் போட்டுக்கொள்வேன்? நம்புங்கள், அந்தக் கணத்தில் எனக்கு வந்த கவலை அது ஒன்றுதான்!

"ஏழு இல்லீங்க சார். எட்டு ஒண்ணுதான் கெடக்கு."

எட்டைப் போட்டார். வீங்கிய காலை அது கவ்விப் பிடித்தது. மாடிப்படியின் அடிப்பலகைக்குக் கீழே காலின் முனையைச் செருகி, முழங்காலை மடித்து முன்னால் சாயச் சொன்னேன். தாளில் உள்ளபடியே சோதித்தேன். குதிகால் எழும்பவே இல்லை. ஆனால் அவர் ஒன்றும் அறியாதவரல்லர். கயிற்றை முடிந்தபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வீக்கம் வத்துனா இது லூசாயிருமே தம்பி?"

"நம்ம ஊருத் தோலுன்னாத்தான் தளருங்க சார். இது சீமைத் தோலு. பனி படப்பட இறுகும். ஒரு வாரத்துல தானா பிடிச்சுக்கிடும்."

கடைசி வரியைத் தலைகீழாகச் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? நாக்கு கூசவில்லை. அவர் தலையாட்டினார். சீமைச் சரக்கு என்றால் அந்த நாளில் எதையும் நம்புவோம். அதைச் சொல்கிறவனின் கை வேறு சறுக்கின கை அல்லவா...

மறுநாள் காலை அவருக்கு பஸ். அது புறப்படும் இடம் கடையிலிருந்து ஐந்து நிமிட நடை. பெட்டியைத் திறந்து ஏழாம் நம்பரை எடுத்தேன். ஒரு பையில் போட்டேன். வாசல் வரை போனேன். தேடினேன், கிடைத்தது என்று சொன்னால் போதும், அவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார். பஸ் கடையைத் தாண்டிப் போயிற்று. கூரையில் காய்கறிக் கூடைகளுக்கும் பூண்டு மூட்டைகளுக்கும் நடுவே அந்த ஸ்கீக்கள். ஜன்னலில் அவர் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். பையோடு உள்ளே வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு வந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவாம். சிப்பாய்களுக்கு முன்னால் இறங்கிக் காட்டும்போது, திருப்பத்தில் கட்டை திரும்பவில்லையாம். ஸ்கீக்கு ஒரு கீறலும் இல்லை, அருமையான கட்டை, உங்களுக்கு நன்றி என்று முடித்திருந்தார்.

நன்றி!

கார்டைக் கிழிக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எழுதிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். 'அன்புள்ள சார்' என்பதற்கு மேல் பேனா நகராது. கார்டைத் தகரப் பெட்டியிலேயே போட்டேன், பூட்ஸுக்கு மேல். ஒரு வருடம் அந்த பூட்ஸைத் தொடவில்லை. பிறகு... தொட்டேன். மழை பெய்து ஆள் வராத நாட்களில் மட்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். திருடனுக்கும் ஒரு நியாயம் வேண்டியிருக்கிறது.

ஐந்தாறு வருடம் ஓடிற்று. ஓர் ஐப்பசிப் பிற்பகல். அடைமழை. இனி யார் வரப்போகிறார்கள் என்று பூட்ஸுக்கு எண்ணெய் பூசி, போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாசலில் குடை மடங்கும் சத்தம். படியில் கோல் தட்டும் சத்தம். தண்டபாணி.

கால் சரியாகக் கூடவில்லை, பட்டாளத்தை விட்டாயிற்று, இப்போது பழனியில் பஞ்சாமிர்தக் கடையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பையிலிருந்து எட்டாம் நம்பரை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். வீட்டில் சும்மா கிடக்கிறது, பெரிய கால்காரர் யாராவது வந்தால் கொடுத்துவிடுங்கள், பணமெல்லாம் வேண்டாம் என்றார். பூட்ஸைத் தடவியபடியே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"முத நாளே குதிகாலு ஆடுச்சு தம்பி. ரெண்டு சாக்ஸு போட்டேன், மூணு போட்டேன். பழைய பூட்ஸுக்கே போயிருக்கணும். நீங்க இறுகும்னு சொன்னீங்கள்ல... இன்னைக்கு இறுகும், நாளைக்கு இறுகும்னு இருந்துட்டேன். பத்து வருசம் சறுக்குனவனுக்குத் தன் காலு சொல்றது கேக்க வேணாமா? எம்மேலதான் தப்பு. யானைக்கும் அடி சறுக்கும்."

இதோ, இதுதான் சமயம் என்று உள்ளே ஒருவன் கத்தினான். வாய் திறந்தது. ஒரு டீ சொல்லட்டுங்களா என்று கேட்டது! பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அவர் கோலை எடுத்தார்.

எங்கள் கடை வாசலில் மூன்று படிகள். பாசி பிடித்து, மழையில் நனைந்து கிடந்தன. வாசலில் நின்று அவர் படியைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கை பிடித்துக்கொண்டால் தேவலை என்று அந்தப் பார்வை கேட்டது. வாயால் கேட்கிற மனிதரல்லர் அவர்.

கல்லாவைச் சுற்றிக்கொண்டு நான் வெளியே வந்தால் என் கால் தெரியும்.

அவர் பார்த்தாலே போதும். பனிச்சறுக்கு பூட்ஸின் சதுர முனையை அவருக்கா அடையாளம் தெரியாது? அளவுகூடப் பார்வையிலேயே தெரிந்திருக்கும்.

நான் நகரவில்லை. ஏதோ எழுதுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். கோல் ஒருமுறை தட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறை தட்டியது. மூன்றாவது தட்டுக்காகக் காத்திருந்தேன்... எவ்வளவு நேரம்! அவர் விழவில்லை. யாரோ வழியில் போனவர் தாங்கிப் பிடித்திருக்கிறார். பாத்து வாங்க, பாத்து வாங்க என்ற குரல் கேட்டது.

அவர் நல்லபடியாக இறங்கிவிட்டார் என்று நீங்கள் என்னைத் தேற்றலாம். வேண்டாம். பழனிக்கு இரண்டுமுறை போய், அந்தப் பஞ்சாமிர்தக் கடை தெரிகிற தூரம்வரை நடந்து திரும்பியிருக்கிறேன். ஏழாம் நம்பர் இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. இப்போது அது என் காலுக்கு ஏறுவதில்லை. வயதாகி எனக்கும் கால் வீங்குகிறது. மழை நாளில் மட்டும் அதை வெளியே எடுத்து எண்ணெய் பூசி வைக்கிறேன்.