கூட யாரு வாரிய?

என் தம்பி மகன் முருகேசன் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை. விசாரணைக்கென்று கொண்டுபோன காவல் நிலையத்தில் வைத்து அவன் காலை அடித்து உடைத்தார்கள். இன்றும் நொண்டித்தான் நடக்கிறான். அதைக் கண்ணால் கண்டு, சொல்வேன் என்று நின்ற ஒரே போலீஸ்காரர் சங்கரலிங்கம் ஏட்டையா. சாட்சி சொல்லும் முன்பே அவர் இறந்துபோய்விட்டார்.

செய்தி வந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் அவருக்காகத்தான் காத்து நின்றேன். எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியே இழுத்த வழக்கில் அன்றுதான் அவர் முறை. தேவதானத்தில் பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டதாக அவர் மகள் போனில் அழுதாள். அன்று முதல் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வழக்கம் தெரியும். விசாரணைக்கு ஆளைக் கூப்பிடப் போனால் வாசலில் நின்று முதலில் கேட்பார்: "கூட யாரு வாரிய?" வீட்டு ஆள் ஒருவர் செருப்பை மாட்டும்வரை நகரமாட்டார். ஸ்டேஷனிலும் அந்த வீட்டு ஆளை, விசாரணை நடப்பது கண்ணில் படும்படி பெஞ்சு போட்டு உட்காரவைப்பார். செட்டியார்பட்டியில் ஆடு திருடியவனோடு அவன் மாமியார் வந்து உட்கார்ந்தாள். அவள் கொடுத்த ஏச்சிலேயே ஆடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டான். யாரும் கை ஓங்கவில்லை.

ஆண்டாள் தேர் பந்தோபஸ்துக்கு அவரை அனுப்பிய நாளில்தான் முருகேசனைத் தனியாகக் கொண்டுபோனார்கள். காணாமல் போன ஒரு பைக்குக்காக. அந்த பைக் பிறகு வேறு இடத்தில் கிடைத்தது. தேர் நிலைக்கு வந்தபின் திரும்பிய ஏட்டையா, உள்ளே நுழைந்ததும் அடித்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்து லத்தியைப் பிடுங்கினார். அவரே முருகேசனை ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். என்னைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, வழுக்கி விழுந்தான்னு எழுதச் சொல்லுதாவ. நான் எழுத மாட்டேன்" என்றார்.

ஓய்வு பெற்ற அன்று அவருக்கு மாலை போட ஸ்டேஷனில் ஆளில்லை. டீக்கடையில் பழைய கூட்டாளி ஒருவர், "காக்கியக் காட்டிக்குடுத்த பெரிய மனுசன் வாராரு" என்று குத்தினார். ஏட்டையா டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காக்கி மேல மரியாத இருக்கப் போயித்தாம்லே சொல்லுதேன். இல்லன்னா எனக்கென்ன?"

நானும் போலீஸுக்கு எதிரியல்ல. என் மருமகனே எஸ்.ஐ.தான். "கேச விட்டுருங்க மாமா" என்கிறார். நான் எட்டாம் வகுப்போடு நின்று, சட்டத்தை நானாக வாசித்துத் தெரிந்துகொண்டவன். விடமாட்டேன்.

ஏட்டையாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு கேள்வியைத்தான். போன வாரம் பக்கத்து வீட்டு லாரி டிரைவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டபோது, நானும் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

வீட்டு ஆள் இல்லாமல் யாரையும் கொண்டுபோகக் கூடாதென்று மேலதிகாரிகள் உத்தரவு போட வேண்டும். உண்மை சொல்லும் காவலரை ஒதுக்காமல் அரசு காக்க வேண்டும். அரசு வக்கீல் இனி ஒரு வாய்தாவுக்கும் சம்மதிக்கக் கூடாது. முருகேசனை அடித்த அன்று ஸ்டேஷனில் இருந்தவர்களே, ஏட்டையா உடலுக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனீர்கள், பார்த்தேன். அவர் ஏறாத சாட்சிக் கூண்டில் நீங்கள் ஏற வேண்டும். தனியாக வரத் தயக்கமென்றால் சொல்லியனுப்புங்கள். கூட நான் வருகிறேன்.