கேள்விக்குறி போட்ட தலைப்பு

செஞ்சியில் சர்ச் ஹாலின் வாசலில் சாய்த்து வைத்திருந்த அந்தக் கரும்பலகையை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான் வருகிறது. எண்பதுகளின் நடுவில், கடலைக் கொல்லையில் வேலை முடித்து வரும் சிங்கவரத்துப் பெண்களுக்கு அந்த ஹாலில்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்துவந்தேன். இடம் தந்தவர் அந்தச் சர்ச்சின் ஊழியரான உபதேசியார். வகுப்புக்கு ஊரின் ஆதரவைத் திரட்ட ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தோம். பேச வந்த வரலாற்று ஆசிரியர், என் நண்பர், பைபிளின் முதல் நூலில் வரும் படைப்புக் கதையைப் பற்றிய தலைப்பைத் தாமே பலகையில் எழுதினார்: “ஆதியாகமக் கதை பாபிலோனில் பிறந்ததா?” மாற்றுங்கள் என்று மன்றாடினேன். “கேள்விக்குறி போட்டிருக்கேன்ல, அப்புறம் இன்னா?” என்றார்.

உபதேசியார் வாசலோடு நின்றுவிட்டார். “இன்னா சார், ஆதியாகமத்த எழுதுன மோசே காப்பியடிச்சாருன்றீங்களா? எங்க ஹால்லியேவா?”

“உள்ள வந்து கேட்டா தெரியும்” என்றார் நண்பர். அதற்குமேல் ஒரு வார்த்தை விளக்கமில்லை.

உள்ளே அவர் பேசியதோ நேர்மாறானது. பாபிலோனியர் கதையில் ஒரு தேவன் கடல் தேவதையைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து வானத்தையும் பூமியையும் செய்கிறான். தேவர்களின் வேலையைச் சுமக்கவே மனிதன் பிறக்கிறான். பைபிள் கதையைச் சொன்ன எபிரேயர், அந்தக் கடலை வெறும் ஆதி நீராக வைத்துக்கொண்டு கொலையை விலக்கினார்கள். அண்டை நாட்டார் வணங்கிய சூரியனையும் சந்திரனையும் பெயர்கூடச் சொல்லாமல் வெறும் விளக்குகளாக்கினார்கள். மனிதனைக் கடவுளின் சாயல் என்றார்கள். அது நகல் அன்று, பதில் என்று முடித்தார். கேட்டிருந்தால் உபதேசியார் மகிழ்ந்திருப்பார். கேட்க அவர் இல்லை. மறுநாள் ஹாலில் பூட்டு தொங்கியது.

சில வாரங்களில் நண்பரும் உபதேசியாரும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரே பெஞ்சில் அமர்ந்து, அதே பேச்சை ரசித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். “பதிலுதான் சார், நானும் அதத்தான சொல்றேன்” என்றார் உபதேசியார். சாவியைக் கேட்டேன். “சர்ச் கமிட்டி முடிவு பண்ணிட்டுது. இனிமே என் கையில இல்ல சார்.” நண்பர் இன்னொரு டீ சொன்னார்.

வகுப்பு கரண்ட் இல்லாத ஒரு பள்ளித் தாழ்வாரத்துக்குப் போனது. பொழுது சாய்ந்தால் சிலேட்டு தெரியாது; பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியவர்களில் ஒருத்தி கேட்டாள்: “அவுங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களாமே? இன்னாத்துக்கு சார் சண்ட?”

“சூரியன் சாமியா, விளக்கா என்பதைப் பற்றிய பேச்சு அம்மா.”

“இன்னான்னு முடிவாச்சு?”

“விளக்குதான்.”

சிலேட்டைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தவள் அதைக் கீழே வைத்தாள். “அப்பிடின்னா ஒண்ண இங்க கொண்டாந்து மாட்டச் சொல்லு சார். எழுத்து தெரியல.”