நல்ல இடம்

எங்கள் வீட்டில் 'நல்ல இடம்' என்றால் அது கலியாணப் பேச்சு அல்ல. இது தெரியாமல், நான் மணமுடித்துத் தென்மராட்சிக்கு வந்த புதிதில் வசமாக மாட்டிக்கொண்டேன். என் கணவர் முற்றத்தில் நின்று தன் தம்பியிடம், "நல்ல இடம். ஒரு சேதமும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து, தேத்தண்ணியோடு போய், "பொம்பிளை எந்த ஊர்?" என்று கேட்டேன். தம்பிக்காரன் சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டான்.

"பூநகரிப் பக்கம், மச்சாள். நாலு கால், ஒரு வால்" என்றான்.

அடுப்படிக்குப் பின்னால் மாமரக் கிளையில் மான் தொங்கிக்கொண்டிருந்தது. வெடி நல்ல இடத்தில் பட்டிருக்கிறதாம். அதுதான் பேச்சு.

இது எண்பத்துமூன்று, எண்பத்துநாலுக் கதை. கடலேரிக்கு அந்தப் பக்கம், பூநகரியில், எங்களுக்கு வயல் இருந்தது. பன்றிக் காவலுக்கென்று மாமனார் அனுமதி எடுத்து வாங்கி வைத்த துவக்கும் இருந்தது. மாமனார் போனபின் அது என் கணவருக்கு வந்தது. பன்றிக்கு வாங்கிய துவக்கு மானுக்குத்தான் கூட வெடித்தது.

வயலுக்குப் போவதற்கு முன் அவர் தோட்டாக்களைப் பேப்பரில் பரப்பி வைத்து யோசிக்கும் யோசனையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டார். சிறு ஈயச் சன்னம் நிறைத்த தோட்டா கொக்குக்கும் புறாவுக்கும். அதை மானுக்கு வைத்தால் தோலுக்குள் மிளகு தூவியதுபோல ஏறி நிற்கும், மான் ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து சாகும். எஸ்.ஜி. தோட்டாவில் பெரிய சன்னங்கள். ஊரில் எல்லோரும் மானுக்கு அதைத்தான் போடுவார்கள். குறி கொஞ்சம் பிசகினாலும் ஏதாவது ஒன்று படும் என்ற தைரியம். என் கணவருக்கு அதுதான் பிடிக்காது. சன்னங்கள் ஆளுக்கொரு பக்கம் போகும், தோள் இறைச்சி இரத்தம் கண்டிக் கறுத்துவிடும், ஒன்று தவறி வயிற்றுக்குள் போனால் எல்லாம் பாழ் என்பார். அவருடைய தேர்வு ஒற்றைக்குண்டு. கிட்டப் போகவேண்டும், முன்னங்காலுக்குப் பின்னால் பார்த்து வைக்கவேண்டும், தோள் எலும்பில் முட்டக்கூடாது. மான் நின்ற இடத்திலேயே விழும், விலாவில் ஒரு பிடி இறைச்சிதான் பழுதாகும். அது நல்ல இடம். வயிறு கெட்ட இடம்.

"வயித்திலை பட்டா உடனை சாகாது. குடல் உடைஞ்சு, கிடந்து கிடந்து சாகும். பிறகு இறைச்சி முழுக்க மணக்கும்" என்று, நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே விளக்குவார்.

"தின்னேக்கை உந்தக் கதை வேண்டாம்" என்று நான் கத்துவேன்.

தம்பி கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை செய்தான். மரக்கறி என்றால் முகத்தைச் சுளிப்பான். மான் இறைச்சி என்றால் சட்டியை வழித்துச் சோறு பிரட்டித் தின்பான். ஒருமுறை ஒற்றைக்குண்டு கிடைக்காமல் அவர் எஸ்.ஜி. போட்டுச் சுட்டிருந்தார். தம்பியின் பல்லில் ஏதோ கடிபட்டது. எடுத்துக் கோப்பையில் போட்டான், டங் என்று சத்தம் கேட்டது. "அண்ணை, உங்கடை ஒற்றைக்குண்டு குட்டி போட்டிருக்கு" என்றான். இவர் முகம் தொங்கிப்போய், பாதிச் சோற்றில் எழும்பிவிட்டார்.

இவருடைய தாய், என் மாமி, மட்டும் ஒரு நாளும் இவரைப் பகிடி பண்ணியதில்லை. இறைச்சியைச் சட்டியில் போடமுன், "தம்பி, நல்ல இடத்திலை பட்டதோ?" என்று இவரை ஒரு கேள்வி கேட்பார், அவருக்கு மூத்த மகனும் 'தம்பி'தான். "ஓம் அம்மா" என்றால்தான் அடுப்பு மூட்டுவார். வயிற்றில் பட்டதென்றால் மாமி கேட்குமுன்பே இவர் காட்டிவிடுவார். மானைப் பிளந்து, ஒருதரம் குனிந்து மணந்துவிட்டு, விலகிப்போய்க் கிணற்றடியில் நிற்பார். பிறகு மண்வெட்டியோடு வந்து குழி வெட்டித் தாட்டுவிடுவார். வேறு எதில் எப்படியோ, இந்த விஷயத்தில் அவர் வாயில் பொய் வந்ததில்லை.

பிறகு இயக்கப் பொடியள் வந்து துவக்கைக் கேட்டார்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். இவர் குழலைத் துடைத்து, எண்ணெய் பூசி, மிஞ்சிய தோட்டாக்களோடு கொடுத்தார். சனியன் தொலைந்தது என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். ஆனால் சன்னம் என்ற சொல் வீட்டை விட்டுப் போகவில்லை. ஷெல்லும் குண்டும் வெடித்துச் சிதறும் இரும்புக்கும் ஊர் அதே பேரைத்தான் வைத்தது.

தொண்ணூறில் ஒரு காலை, சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்குச் சனம் நின்ற நேரம் பார்த்துப் பொம்மர் வந்து குண்டு போட்டது. தம்பி உள்ளேதான் நின்றான். நாங்கள் சைக்கிளில் ஆசுபத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனை விறாந்தையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். நினைவு இருந்தது. எங்களைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான்.

"ஒண்டே ஒண்டுதான், அண்ணை. ஒற்றைக்குண்டு" என்றான்.

இவர் போர்வையைச் சரிசெய்வதுபோலக் குனிந்தார். குனிந்தபடி ஒருதரம் மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து, விலகிப்போய்த் தூணோடு நின்றார். கிணற்றடியில் நிற்கும் அதே நிலை. யாரும் எனக்கு எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அயலவர் ஒருவரின் சைக்கிளில் மாமி வந்து இறங்கினார். மகனை நோக்கி ஓடமுன் மூத்தவரின் கையைப் பிடித்து, "எவ்விடத்திலை பட்டது?" என்று கேட்டார்.

"நல்ல இடத்திலைதான் அம்மா. பயப்பிடாதேங்கோ."

மாமி "முருகா" என்று சொல்லி மூச்சு விட்டார். அங்கே நின்றவர்களுக்கெல்லாம், "துவக்குப் பிடிச்சவன் சொல்லுறான், பிழை வராது" என்று தைரியம் சொன்னார். பிறகு மகனின் தலையைத் தடவிவிட்டு, கஞ்சி காய்ச்ச வீட்டுக்குப் போனார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

"ஏன் உப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

டொக்டர் வெட்டித் தைத்தார். மருந்து தட்டுப்பாடு, பொறுத்திருந்து பார்ப்போம் என்றார். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மாமி ஒவ்வொரு நாளும் கஞ்சியோடு வந்தார். "நாளைக்குக் குடிக்கிறன், அம்மா" என்று அவனும் ஒவ்வொரு நாளும் சொன்னான். கிடந்து கிடந்துதான் செத்தான். அந்தப் பொம்மரை ஓட்டியவனையும் அனுப்பியவனையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் எட்டுச்செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்போம். மாமி மான் இறைச்சி வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். சண்டைக்குள் எங்கே போவது? கடைசியில் பூநகரியிலிருந்து வந்த தெரிந்தவர் ஒருவர் கொஞ்சம் மான் வத்தல் கொண்டுவந்து தந்தார். நான் அதைச் சுளகோடு ஊறப்போட எடுத்தபோது, மாமி சுளகை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்தார்.

"தம்பி, நல்ல இடத்திலை பட்டதோ?"

இவர் ஒரு துண்டை எடுத்து மணந்து பார்த்தார்.

"ஓம் அம்மா."

மாமி அந்தத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கி, தன் மூக்கருகே கொண்டுபோய்த் தானும் மணந்து பார்த்தார்.