இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

மார்ச் 3: படித்தது 7 நிமிடம்.
மார்ச் 31: படித்தது 96 நிமிடம்.
ஏப்ரல் மாத மொத்தம்: 2,880 நிமிடம்.
மே மாத மொத்தம்: 2,976 நிமிடம்.
ஜூன் 14: தேர்வுக்குக் கொடுத்த நேரம் 180 நிமிடம். எழுதிய நேரம் 120 நிமிடம்.

கடைசி வரியில் கணக்கு அறுபது நிமிடம் உதைக்கிறது. அது எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் ஐம்பத்து நான்கு படிகள் ஏறியாக வேண்டும்.

கீழே புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறை. மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. அந்த வீட்டுக்காரிக்குப் பட்டறையில் தாள் மடித்து நூல் கோத்துத் தைக்கிற வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசியைத் தாளில் குத்தி வைத்துவிட்டு மேலே ஓடுவாள். அதனால் பட்டறையில் அவளுக்கு 'மூணாம் மாடி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்து நான்கு.

மேலே படுத்திருந்தவள் அவளுடைய நாத்தனார், கணவனின் அக்கா. நல்ல தையல்காரி. தன் கடை வாசலிலேயே வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. இடது கை மிஞ்சியது. வாய்க்கு ஒரு குறையும் வரவில்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் புண்ணாகிவிடும் என்பதால் இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மாற்றி மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இரவு முறை, தண்ணீர் லாரி ஓட்டும் கணவனுடையது. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை பகல் முறை எட்டும் இவளுடையது.

முதுகில் ஏற்கெனவே ஒரு புண் இருந்தது. அதற்கு மருந்து கட்ட வரும் நர்ஸ், பிப்ரவரி கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினாள்.

"படுக்கையில இருக்கறவங்களைப் பாத்துக்கறதுக்கு ஒரு வருஷப் பயிற்சி. முடிச்சா ஆஸ்பத்திரியிலயே வேலை. நுழைவுத் தேர்வுல நூறு கேள்வி, அறுபது எடுத்தாப் போதும். ஆனா நாப்பத்தஞ்சு வயசு ஆயிட்டா எழுத முடியாது."

ஆகஸ்ட் 9 வந்தால் அவளுக்கு நாற்பத்தைந்து. இந்த ஒரு தடவைதான்.

"படிப்பை விட்டு இருபத்தேழு வருஷம் ஆச்சு. இனிமே மண்டையில ஏறுமா?" என்றாள்.

"ஊர் புஸ்தகத்தை எல்லாம் தைக்கிறியே, ஒண்ணையாவது தொறந்து பாத்திருக்கியாடீ?" என்றாள் நாத்தனார்.

மார்ச் 3 அன்று தேர்வுக்கான பாடப்புத்தகத்தைத் திறந்தாள். ஏழாவது நிமிடம் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போனாள். அடுத்த பத்து நாளும் ஏறக்குறைய அதே கதை. படித்தது எல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

வழி பிறந்தது நாத்தனாரின் அலுப்பிலிருந்து. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது, "பத்து மணிக்கு என்னமோ முணுமுணுத்துட்டுப் போனியே, என்ன அது? சுவத்தைப் பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிக்குது. சொல்லு, கேக்கறேன்" என்றாள். இவளுக்குப் படித்ததில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. வெட்கத்தோடு மறுபடி படித்துவிட்டு இறங்கினாள். இரண்டு மணிக்கு ஏறி வந்ததும் மறுபடி அதே கேள்வி. இந்தத் தடவை பாதி வந்தது. நான்கு மணிக்கு முழுவதும் வந்தது!

"அண்ணி, வந்துருச்சு அண்ணி!"

"கத்தாதே. காலைச் சரியா வை."

அன்று முதல் அதுவே முறையாயிற்று. ஒவ்வொரு முறைக்கும் பன்னிரண்டு நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு முன் படித்ததை முதலில் புத்தகம் பார்க்காமல் சொல்ல வேண்டும். பிறகுதான் புதுப் பக்கம். தவறியது அடுத்த முறையே திரும்ப வரும். சரியாக வந்தது மறுநாள் வரும், அப்புறம் ஒரு வாரம் கழித்து வரும். நாத்தனார் இடது கையில் தையல் சாக்குக்கட்டியைப் பிடித்து ஒரு சிலேட்டில் கோணல் மாணலாகக் குறித்து வைத்தாள்.

"மல்லாக்கப் படுத்தா எங்கெங்க அழுத்தும்?"

"பின்மண்டை, தோள்பட்டை, வால் எலும்பு, குதிகால்."

"முழங்கை எங்கடீ? நீ மறந்தா என் முழங்கைதான் போகும். நாலு மணிக்கு மறுபடி சொல்லு."

படித்தது படிப்போடு நிற்கவில்லை. இழுத்து நகர்த்தினால் தோல் உரியும், தூக்கித்தான் நகர்த்த வேண்டும் என்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. படித்த அன்றே செய்தாள். ஐந்து மாதமாக ஆறாத புண் மே 9 அன்று மூடியது. நர்ஸ் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மூணாம் மாடி அன்று ஐம்பத்து நான்கு படிகளையும் பாட்டோடு இறங்கினாள்.

ஜூன் 14. கணவன் லாரிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். தேர்வு பத்து மணிக்கு. கேள்வித்தாளைப் புரட்டினாள். எல்லாம் தெரிந்த முகங்கள்! நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு தடவை படித்து எழுதிக்கொண்டு போனாள். எழுபத்தோராவது கேள்வி முடிந்தது.

மணி பன்னிரண்டு.

அவள் எழுந்து நின்றாள். நினைத்து எழவில்லை. பேனாவை வைத்தாள், நாற்காலியைத் தள்ளினாள், யாரையோ தூக்கப்போவது போல இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள். அந்த நேரத்தில் அவள் மனம் வீட்டுக் கட்டிலருகே நின்றது.

"முடிச்சாச்சாம்மா?" என்று மேற்பார்வையாளர் வந்தார்.

இவள் தலையாட்டிவிட்டாள். நீட்டிய கையிலேயே விடைத்தாளைக் கொடுத்தாள். வாசலை நோக்கி நடந்து நான்காம் வரிசைக்கு வந்தபோதுதான் உறைத்தது. ஓடிப்போய்க் கேட்டாள். அதற்குள் அவர் அதை முன்பே முடித்தவர்களின் தாள்களோடு சேர்த்து நூல் கட்டிவிட்டார்.

"கட்டின நூலை அவுக்கக் கூடாதும்மா. விதி."

அந்த முடிச்சைப் பார்த்தாள். பட்டறைக்காரிக்கு அது ஒரு முடிச்சே இல்லை. அவிழ்த்து மறுபடி கட்டினால் கட்டியவருக்கே தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் விஷயத்தைச் சொல்லி அழுதபோது நாத்தனார் முதலில் சிரித்துவிட்டாள். "என்னைத் திருப்பறதுக்காக அங்கேயே எழுந்து நின்னியா? அடிப்பாவி!" சிரிப்பு நின்றதும் அவள் குரல் மாறியது. "சிலேட்டை எடு. ஒண்ணாவது கேள்வியிலிருந்து சொல்லு."

எழுபத்தொன்றையும் வரிசை மாறாமல் சொன்னாள்! ஒவ்வொன்றையும் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தார்கள். நிச்சயம் சரி, ஐம்பத்தேழு. நிச்சயம் தப்பு, ஐந்து. சந்தேகம், ஒன்பது. அந்த ஒன்பதில் மூன்று தேறினால் போதும்.

"எதுக்கு இந்தத் தலைவலி?" என்றான் கணவன். "நடுவுல மயக்கம் வந்துச்சுன்னு எழுதிக் குடு. டாக்டர் சீட்டு நான் வாங்கிட்டு வரேன். மறுதேர்வு வைப்பாங்க."

நாத்தனாரை இரண்டு தடவை திருப்பிப் படுக்க வைக்கும் வரை, நான்கு மணி நேரம், அவள் யோசித்தாள்.

"நாளைக்கு ஒரு நோயாளிக்கு மருந்து குடுத்தேனா இல்லையான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். என் முதல் தாளிலயே பொய் எழுதச் சொல்றீங்களா?"

நடந்ததை நடந்தபடியே எழுதி, மறுதேர்வு கேட்டு அனுப்பினாள். ஜூன் 30 அன்று பதில் வந்தது. தாமாகவே விடைத்தாளை ஒப்படைத்ததால் மறுதேர்வுக்கு இடமில்லை. இனி அந்த ஒன்பது கேள்விகள்தான் கதி. தினம் ஒரு முறையாவது நாத்தனார் அவற்றை எடுத்துப் பேசினாள். "இருபத்தாறாவது சரிதான்டீ, எனக்குத் தோணுது." "நேத்து தப்புன்னீங்களே அண்ணி?" "நேத்து எனக்கு உன் மேல கோவம்."

தேர்வு முடிவுக் கடிதம் பட்டறைக்கு வந்தது. பிரிக்காமலே இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினாள். பின்னாலேயே பட்டறைப் பெண்கள் நாலு பேர். நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னடீ இத்தனை காலு சத்தம்? வந்துருச்சா? படி! என்னைத் திருப்பிட்டாவது படி, படிச்சிட்டாவது திருப்பு!"

பிரித்தாள்.

"அறுபத்திரெண்டு அண்ணி! செப்டம்பர் ஒண்ணாம் தேதி சேரச் சொல்லிருக்காங்க!"

கீழ்த்தளம் வரை கேட்கும்படி ஒரு கூச்சல். அது அடங்கியதும் அவள் முகம் வாடியது. "பகலெல்லாம் வகுப்பு. உங்களை யாரு பாத்துப்பா அண்ணி?"

பதில் வாசலிலிருந்து வந்தது. பத்து மணி எனக்கு, பன்னிரண்டு எனக்கு என்று நாலு பேரும் அடித்துக்கொண்டார்கள்.

"வரிசையா நில்லுங்கடீ!" என்றாள் நாத்தனார், சுவரைப் பார்த்தபடியே. "மல்லாக்கப் படுத்தா எங்கெங்க அழுத்தும்? தெரியாதவ எவளும் என்னைத் தொடக் கூடாது. மூணாம் மாடி, புஸ்தகத்தை அவங்க கையில குடு."

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 2, பகல் பதினொன்று நாற்பது; பன்னிரண்டு மணி முறைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.